அறுக்கச் சொன்னவர்

1

போன ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் இருக்கிற தூரின் நகரத்தில் நெல்லோவுக்கு ஒரு பாராட்டு விழா நடந்தது. அதற்குப் போவதா வேண்டாமா என்று ஒரு வாரமாக எங்கள் வீட்டில் சண்டை. சண்டை போட்டது நானும் என் மகள் மீராவும். நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தது என் மனைவி.

நெல்லோ யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இத்தாலியின் பெரிய ஒளிப்பதிவாளர். ஐம்பது வருடத்துக்கு மேல் படம் பிடித்தவர். நம் ஊரில் நடிகர் பெயர் தெரிந்த அளவுக்குக் கேமராக்காரர் பெயர் தெரியாது. இங்கே கேமரா படிக்கிற பிள்ளைகளிடம் இவர் பெயரைச் சொன்னால் கையில் இருக்கிற போனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்கள். அவரிடம் நான் இருபது வருடத்துக்கு மேல் லைட்மேனாக இருந்தேன். இப்போது இல்லை. மீரா அவரிடம் கேமரா உதவியாளராகச் சேர்ந்தவள்; படம் எடுப்பதை விட்டுவிட்டு அவர் நடத்துகிற ஒளிப்பதிவு வகுப்பிலும் இப்போது அவள்தான் உதவி. அப்பன் தொழிலைப் பெண் பிடித்துக்கொண்டது என்று ஊரில் பெருமையாகப் பேசிக்கொள்கிறார்கள். நிஜம் என்னவென்றால், அவரும் நானும் ஒரு வருடமாக முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் காலையில் அவரிடம் போகிறாள், சாயங்காலம் என்னிடம் வருகிறாள்.

"நீ வராட்டி நல்லா இருக்காது அப்பா," என்றாள். இங்கே பிறந்த பிள்ளை. அவள் தமிழில் எல்லாரும் 'நீ'தான்.

"அவர் கூப்பிட்டாரா?"

"இல்ல. நான் கூப்பிடறேன்."

"கூப்பிடாத வீட்டுக்குப் போய் நிக்கிற ஆளு நான் இல்ல."

"அப்ப நான் அத்தைகிட்ட சொல்லிடறேன். எல்லாத்தையும்."

எனக்குச் சுருக்கென்றது. அத்தை என்றால் என் அக்கா வசந்தா. பாபநாசத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரிலேயே இருக்கிறாள். அவளிடம் நான் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். அந்தப் பொய்யை நம்பித்தான் அவள் ஒரு வருடமாக நிம்மதியாக இருக்கிறாள். தன் விளைச்சலுக்காகத் தம்பி வேலையை இழந்தான் என்று தெரிந்தால் அவள் அந்த நெல்லில் ஒரு பிடி சோறு சாப்பிட மாட்டாள். என் அக்காவை எனக்குத் தெரியும். அதனால் மீரா மிரட்டிய அன்றே கோட்டை எடுத்துச் சலவைக்குப் போட்டேன்.

2

நெல்லோவும் நெல் ஊர்க்காரர். இத்தாலியில் எங்கே நெல் என்று கேட்பீர்கள். நானும் முதலில் அப்படித்தான் கேட்டேன். தூரினிலிருந்து கொஞ்ச தூரம் ரயிலில் போனால் வெர்ச்செல்லி என்று ஊர். வசந்த காலத்தில் ரயில் ஜன்னலில் பார்த்தால் இரண்டு பக்கமும் தண்ணீர் கட்டிய வயல். முதல் தடவை பார்த்தபோது இருக்கையை விட்டு எழுந்து நின்றுவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். அந்த ஊரில் ஒரு பண்ணையில் கூலிக்குக் களை பறித்தவர் நெல்லோவின் அம்மா. முட்டிவரை தண்ணீரில் நின்று, குனிந்த முதுகு நிமிராமல். என் அம்மாவும் அதேதான். இதைச் சொல்லித்தான் அவரும் நானும் சினேகமானோம்.

அவர் தொழில் தொடங்கியது ஒரு போட்டோக் கடையில், கல்யாணப் படங்களைக் கழுவிக் காயப்போடும் வேலையில். அங்கிருந்து ரோமாபுரிக்கு ஓடிப்போய், பிலிம் சுருள் மாட்டும் உதவியாளராகி, ஒவ்வொரு படியாக ஏறிக் கேமராவுக்குப் பின்னால் வந்து நின்றார். முதல் படம் வெளிவந்தபோது, இருட்டாக இருக்கிறது, ஆள் முகமே தெரியவில்லை என்று திட்டி எழுதினார்களாம். இரண்டாவது படத்தில் அதே இருட்டைப் பாராட்டி எழுதினார்களாம். "நான் எதையும் மாற்றவில்லை. அவர்களுக்குக் கண் பழகிவிட்டது," என்பார். வாங்கிய விருதுகளைச் சமையலறை அலமாரியில் எண்ணெய் புட்டிகளோடு வைத்திருக்கிறார். சில விருதுகளில் பிசுக்கு ஒட்டியிருக்கும்.

வெளிப்புறத்தில் அவர் விளக்கு போடமாட்டார். அதுதான் அவர் பிடிவாதம். அவரைத் தூக்கி நிறுத்தியதும் அதுதான். விளக்கே போடாத ஆளிடம் லைட்மேனுக்கு என்ன வேலை என்று என் மனைவி வருடா வருடம் கேட்பாள். வேலை உண்டு. வெயிலைத் துணி கட்டித் தடுக்கவேண்டும், தெர்மாகோல் பிடித்துத் திருப்பிவிடவேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், காத்திருக்கவேண்டும். சென்னையில் சினிமா யூனிட்டில் கூலிக்கு தெர்மாகோல் பிடித்துக்கொண்டிருந்தவன் நான். இந்தியாவுக்குப் படம் எடுக்க வந்த இடத்தில் என்னைப் பார்த்து, என்னோடு வருகிறாயா என்று கேட்டார். ஏன் கூப்பிட்டீர்கள் என்று பின்னால் கேட்டேன். "நீ ஒருத்தன்தான் மணி என்னவென்று கேட்கவில்லை," என்றார்.

வேண்டிய வெளிச்சம் வராவிட்டால் அவர் ஒரே வார்த்தைதான் சொல்வார். தொமானி. நாளை. தயாரிப்பாளர் கத்துவார், டைரக்டர் கெஞ்சுவார், இவர் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு போய்விடுவார். ஒரு படத்தில் மலைக்கிராமம் ஒன்றில் மூடுபனி விலகுவதற்காக நாள் கணக்கில் ஊர் மொத்தத்தையும் மெல்லிசு உடுப்போடு சரிவில் நிற்கவைத்தார். பனி விலகியது. அந்தக் காட்சியை இன்றைக்கும் பள்ளிக்கூடங்களில் போட்டுக் காட்டிப் பாடம் நடத்துகிறார்கள். விருந்துகளில் அந்தக் கதையை நான்தான் சொல்வேன். தயாரிப்பாளர் அழுததை நடித்தே காட்டுவேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அந்த ஊர் ஜனங்களுக்குக் குளிரில் என்ன ஆனது என்று யாரும் கேட்டதில்லை. எனக்கும் தோன்றியதில்லை.

3

அவருடைய கடைசிப் படம் இரண்டு நெல் ஊர்களைப் பற்றிய கதை. பாதி வெர்ச்செல்லி, பாதி நம் தஞ்சாவூர்ப் பக்கம். "உன் ஊரிலேயே எடுப்போம்," என்றார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. கூலிக்காரன் மகன் வெள்ளைக்கார யூனிட்டோடு ஊருக்குள் வருகிறான் என்றால் சும்மாவா.

வந்து இறங்கிய பிறகுதான் தெரிந்தது. கேமரா சாமான்களுக்குக் கஸ்டம்ஸ், படப்பிடிப்புக்கு அனுமதி, அனுமதிக்கு ஒரு அனுமதி. நான் இத்தாலியக் குடியுரிமை வாங்கியவன். அதற்காக இங்கே வெளிநாட்டவர் அலுவலக வாசலில் குளிரில் வரிசை கட்டி நின்ற வருடங்களைப் பற்றித் தனியாகவே எழுதலாம். அப்பாடா, இனி எந்த வரிசையிலும் நிற்கவேண்டாம் என்று நினைத்தேன். எங்கள் ஊர் வி.ஏ.ஓ. ஒரு தாளைப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"சார், வெளிநாட்டுக்காரங்க பட்டியல்ல உங்க பேரும் இருக்கே?"

"இருக்கும்ங்க."

"உங்க அப்பா பேருல குடும்ப அட்டைய நானே பாத்துருக்கேன். இப்ப உங்களுக்கு லோக்கல்ல யாராவது ஜாமீன் சொல்லணும்ங்களே."

அக்காதான் ஜாமீன் போட்டாள். கையெழுத்து போட்டுவிட்டு, "ஏண்டா, ஒன்ன எனக்குத் தெரியும்னு எழுதிக் குடுக்குற காலமும் வந்துருச்சா," என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

நெல்லோவை ஊர் ஒரே நாளில் 'நெல்லு சார்' ஆக்கிவிட்டது. அவருக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. வயல் வயலாக நடந்தார். கடைசியில் அவர் விரலை நீட்டிய வயல் அக்காவுடையது. குறுவை, ஆடுதுறை ரகம், கதிர் வந்து பழுக்கத் தொடங்கியிருந்தது. மேற்கே மறைப்பு எதுவும் இல்லை. அந்த வயலில் எங்கள் அப்பாவும் அம்மாவும் கூலிக்கு அறுத்திருக்கிறார்கள். பண்ணைக்காரர்கள் விற்றுவிட்டுச் சென்னைக்குப் போனபோது அக்காவும் மாமாவும் நகையை விற்று வாங்கினார்கள். மாமா போய்ச் சேர்ந்தபிறகு அக்காவேதான் சாகுபடி பார்க்கிறாள்.

எடுக்கவேண்டியது படத்தின் கடைசிக் காட்சி. பழுத்த வயல் முழுக்க நிற்கவேண்டும். மேகத்துக்குக் கீழிருந்து சாயங்கால வெயில் கதிர் மேல் படுக்கையாக விழவேண்டும். நடுவில் ஒரு பெண் நடந்து போவாள். அவ்வளவுதான்.

"நெல்லு பழுத்த பிறகு ரெண்டு நாள் விட்டுவைக்கணும்க்கா. சூட்டிங் முடிஞ்சதும் அறுத்துக்கலாம்," என்றேன்.

"ரெண்டு நாள் தானே? ஒனக்காக விடாம யாருக்காக விடப்போறேன்," என்றாள் அக்கா.

4

நெல் பழுத்தது. வெயிலைக் காணோம்.

காலையில் மூட்டம், மத்தியானம் புழுக்கம், சாயங்காலம் மேற்கே கரும்போர்வை இழுத்துவிட்ட மாதிரி ஒரு மேகம். தினமும் கேமராவை வரப்பில் நிறுத்துவோம். மீரா லென்ஸைத் துடைத்து மாட்டுவாள். நெல்லோ மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து மேற்கே பார்த்தபடி இருப்பார். இருட்டப் போகும்போது எழுந்து, தொமானி என்பார். ரெண்டு நாள் நாலு நாளாச்சு, நாலு ஒரு வாரமாச்சு.

சுற்றிலும் எல்லா வயலும் அறுத்துக்கொண்டே வந்தார்கள். கடைசியில் அக்கா வயல் மட்டும்தான் நின்றது. வரப்பில் போகிறவர்கள் நின்று நின்று கேட்டார்கள். "என்ன வசந்தாக்கா, நெல்ல காட்சிக்கு வச்சிருக்கீங்களா? கொட்டிடும்க்கா." அக்கா சிரித்து மழுப்புவாள். ஒருநாள் கதிரைக் கையில் ஏந்தி லேசாக உருவிக் காட்டினாள். மணி பொலபொலவென்று உதிர்ந்தது. கையில் இருந்ததை முந்தானையில் முடிந்துகொண்டு போனாள்.

நான் நெல்லோவிடம் சொன்னேன். நம் பக்கத்து நெல் பழுத்தால் நிற்காது, மணி உதிரும், மழை விழுந்தால் சாயும், சாய்ந்தால் கதிரிலேயே முளைக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் என் முதுகில் தட்டினார்.

"எனக்கா நெல்லைப் பற்றிச் சொல்கிறாய்? எங்கள் ஊரில் பழுத்த நெல் பனியிலும் நிற்கும். ஒரு மாதம் பார்த்திருக்கிறேன். பயப்படாதே."

அதுதான் வினை. நெல் தெரியாத ஆளாக இருந்திருந்தால் நான் சொன்னதைக் காதில் வாங்கியிருப்பார். அவர் ஊர் நெல் வேறு, குட்டையாகத் தடித்த தாளில் காற்றுக்கும் அசையாமல் நிற்கும். அவர் ஊர் மழை வேறு. நம் ஐப்பசி மழையை அவர் கண்ணால் பார்த்ததில்லை.

கம்பெனி மேனேஜர் ஒருவர் வந்து, நெல் வீணானால் முழு நஷ்டஈடு தருகிறோம் என்று அக்காவிடம் சொல்லச் சொன்னார். சொன்னேன். அக்கா முகம் சிவந்துவிட்டது.

"வெளஞ்ச நெல்ல நனைய விட்டுட்டு, அதுக்குக் காசு வாங்கித் திங்கணுமா நான்? இந்த வயல்ல நம்ம அம்மா சிந்துன மணியக்கூட விடாம பொறுக்குவாடா. போய்ச் சொல்லு, நான் காசுக்காக நிக்கல. என் தம்பி வாக்கு குடுத்துட்டானேன்னு நிக்கறேன்."

அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. மீராவிடம் புலம்பினேன். அவளுக்கோ கடைசி ஷாட், நெல்லோவின் கடைசி ஷாட். "அவருக்கு எழுபத்தெட்டு வயசு அப்பா. இதுக்கப்புறம் அவர் கேமராவத் தொடமாட்டார். அத்தைக்கு அடுத்த வருஷமும் நெல்லு வரும்ல?" என்றாள். எனக்கு வந்த கோபத்துக்குக் கையை ஓங்கியிருப்பேன். அவள் நியாயமும் நியாயம்தான். அவள் வளர்ந்த வீட்டில் அரிசி கடையிலிருந்துதானே வந்தது.

5

வேதாரண்யம் பக்கம் கொட்டுகிறது என்று காலையிலேயே சேதி வந்துவிட்டது. ராத்திரிக்குள் நம் பக்கம் வரும் என்றார்கள். காற்றில் ஈரவாடை.

நாலு மணி தாண்டி அறுவடை மெஷின்காரர் வரப்பில் வந்து நின்றார். ஆத்தூர்ப் பக்கத்து ஆள். ஈர வயலில் இறங்குகிற பெல்ட் மெஷின் எங்கள் ஊர் வட்டாரத்துக்கு அன்று அவருடையது ஒன்றுதான் மிச்சம்.

"அக்கா, இப்ப எறக்கினா இருட்டறதுக்குள்ள முடிச்சிருவேன். இல்லீன்னா நான் மன்னார்குடி போறேன். அங்க நாலு பேரு காத்துக் கெடக்கறாங்க. நாளைக்கு எறக்குங்கன்னா வயல்ல படகுதான் ஓட்டணும்."

அக்கா என்னைப் பார்த்தாள். "தம்பி, அந்தப் பெரியவர்கிட்ட ஒருவாட்டி கேட்டுட்டு வா. அவங்க என்ன சொல்றாங்களோ, அதுக்கு நான் கட்டுப்படறேன்."

"அவரைக் கேக்கறதுக்கு என்ன இருக்கு, வயல் ஒன்னுது."

"வயல் என்னுது. வேலை ஒன்னுது. ஒனக்கு ஒரு கெட்ட பேரு வரவச்சு நான் அறுக்கமாட்டேன். போய்க் கேளு."

வயலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு வரப்பில் நடந்தேன். நெல்லோ நாற்காலியில் இருந்தார். பக்கத்தில் மீரா நின்றாள். எல்லாவற்றையும் சொன்னேன். மழை, மெஷின், மன்னார்குடி, எங்கள் அம்மா, எல்லாம். கெஞ்சினேன் என்றுதான் சொல்லவேண்டும். இருபது வருடத்தில் அவரிடம் நான் எதையும் கேட்டதில்லை.

அவர் மேற்கிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நெல் ஒரு நாளில் செத்துவிடாது. தொமானி. அவளிடம் சொல், ஒரே ஒரு நாள்."

திரும்பி நடந்தேன். அக்கா வரப்பு முனையில் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். மெஷின்காரர் என்ஜினை அணைக்காமல் உறுமவிட்டுக்கொண்டிருந்தார். வலப்பக்கம் கதிர் கனத்துத் தலை சாய்ந்திருந்தது. உடம்பு இடிக்கிற இடத்திலெல்லாம் மணி உதிர்ந்தது. எங்கள் அம்மா இருந்திருந்தால் நான் நடந்த நடைக்கே திட்டியிருப்பாள்.

"என்னடா சொன்னாரு?"

"அறுக்கச் சொல்லிட்டாருக்கா," என்றேன்.

அக்கா என் முகத்தையே பார்த்தாள். "மெய்யாவா? அவரா சொன்னாரு?"

"அவருந்தான் நெல் ஊர்க்காரராச்சே. அவருக்குத் தெரியாதா? சீக்கிரம் எறக்கச் சொல்லு."

பொய்தான். இன்னொரு தடவை அந்த வரப்பில் நிற்கவைத்துக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

மெஷின் வயலில் இறங்கியது. அந்தச் சத்தம் கேட்டதும் எதிர்க்கோடியில் நெல்லோ நாற்காலியை விட்டு எழுந்தார். மீரா வாக்கிடாக்கியில் கத்தினாள். "அப்பா, நிறுத்து! அவர் வேணாம்னுதான் சொன்னார்! நீ ஏன் அறுக்கற?" இத்தாலியனில் கத்தினாள், நல்லவேளை. அக்காவுக்குப் புரியவில்லை. நான் வாக்கிடாக்கியை அணைத்துச் சட்டைப் பைக்குள் போட்டேன்.

மெஷின் மூன்று சுற்று வந்திருக்கும். அப்போதுதான் மேற்கே மேகம் கிழிந்தது. அடியில் ஒரு விரற்கடை இடைவெளியில் சூரியன் வந்து நின்றது. கதிர்கள் மேல் வெயில் படுக்கையாகப் பாய்ந்தது. இத்தனை நாள் எதற்காக உட்கார்ந்திருந்தோமோ அது, அப்படியே, அவர் வாயால் சொன்ன மாதிரியே. நடுவில் அந்த மெஷின் தூசியைக் கிளப்பிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது.

நானும் இருபது வருடம் அந்த வெளிச்சத்துக்குக் கூலி வேலை செய்தவன்தானே. அது எவ்வளவு அழகு என்று என்னைவிட யாருக்குத் தெரியும்.

அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வரப்போடு ஓடினாள். பிடிக்கப் பின்னால் ஓடினேன், எட்டவில்லை. நெல்லோவுக்கு முன்னால் போய் நின்று, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டாள். "நீங்க நல்லா இருக்கணும் சாமி," என்றாள். அவள் கண்ணில் தண்ணீர்.

நெல்லோ கோபத்தில் கத்துகிற ஆள் இல்லை. அவருக்குக் கோபம் வந்தால் பேச்சு நின்றுவிடும். யூனிட்டில் அதற்குத்தான் எல்லாரும் பயப்படுவார்கள். அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தொப்பியைப் போட்டுக்கொண்டு காரைப் பார்த்து நடந்தார். அந்த வெளிச்சம் அவர் முதுகில் அடித்தது. அவர் திரும்பவே இல்லை.

"பேசாமப் போறாரே, எவ்வளவு அடக்கம் பாரு," என்றாள் அக்கா.

6

அன்று ராத்திரி தொடங்கிய மழை விடவில்லை. அறுத்த நெல் களத்தில் தார்ப்பாய்க்குள் பத்திரமாக இருந்தது. பிறகு ஈரம் போகக் காயவைத்து அக்கா கொள்முதல் நிலையத்தில் போட்டாள். எங்கள் பக்கத்தில் அந்த வயலைத் தவிர நின்ற நெல் வேறு எதுவும் இல்லை. அதனால் நெல்லோவுக்கு வேறு வயலும் கிடைக்கவில்லை. படம் அந்தக் காட்சி இல்லாமலே முடிந்தது. முடிவு அறுந்து தொங்குகிறது என்று இங்கே எழுதினார்கள்.

விமானத்தில் ஏறுவதற்கு முன் அவரிடம் போய், அறுக்கச் சொன்னது நான்தான், அக்கா இல்லை என்றேன். தலையை ஆட்டினார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு வகுப்பு வேலைக்குக்கூட என்னைக் கூப்பிடவில்லை. இப்போது நான் கண்காட்சி அரங்குகளில் விளக்கு மாட்டுகிறேன். கார் கண்காட்சி, பாத்ரூம் ஓடு கண்காட்சி. குழாய்க்கும் ஓட்டுக்கும் வெளிச்சம் அடிக்கிறேன். சம்பளம் ஒழுங்காக வருகிறது. குறை ஒன்றும் இல்லை என்று எழுதத்தான் ஆசை, வரவில்லை.

அக்காவுக்கு இது எதுவும் தெரியாது. போன் செய்தால் என்னை விசாரிப்பதற்கு முன்னால் அவரைத்தான் விசாரிப்பாள். "நெல்லு சார் நல்லா இருக்காரா? ஒன்ன நல்லா வச்சிருக்காரா? கோயில்ல அவர் பேருக்கு அர்ச்சனை பண்ணேன்டா. நட்சத்திரம் என்னன்னு குருக்கள் கேட்டாரு. எனக்கு என்ன தெரியும், ஒன் நட்சத்திரத்தையே சொல்லிட்டேன்." நான் உம் கொட்டுவேன். பக்கத்தில் மீரா உட்கார்ந்திருந்தால் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவாள். அவளுக்கு அந்தப் பேச்சு பிடிக்காது. ஒருத்தர் செய்யாததைச் செய்தார் என்று சொல்வது அவருக்குச் செய்கிற அவமானம் என்பாள். பள்ளிக்கூடம் போகாத நாளைக்கு வயிற்றுவலி என்றுகூடச் சொல்லத் தெரியாத பெண்.

7

ஞாயிறு விழாவில் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். திரையில் ஒவ்வொரு படத்திலிருந்தும் துண்டு துண்டாகப் போட்டார்கள். மலைக்கிராமத்துப் பனிக்காட்சி வந்தபோது அரங்கம் கைதட்டியது. எனக்குக் கை எழவில்லை. சரிவில் நின்ற ஜனங்களின் கால்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தனை வருடத்தில் முதல் தடவையாக.

முடிந்ததும் கூடத்தில் தீனியும் பானமும். நழுவிவிடலாம் என்று கோட்டை எடுத்தேன். அந்த நேரம் பார்த்து மீராவின் போனில் அக்கா. வீடியோவில். ஊரில் அப்போது சாயங்காலம். விழா என்று மீராதான் முன்பே சொல்லிவைத்திருக்கிறாள்.

"மீராக் கண்ணு, எங்க இருக்க? அதோ, பின்னால நிக்கிறது நெல்லு சார்தானே? குடு, குடு. அன்னைக்கு ஒரு வார்த்தை முழுசாச் சொல்லல நான்."

நான் மீராவைப் பார்த்து வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். கையை எடுத்துக் கும்பிடாத குறை. அவள் என்னையே ஒரு நிமிடம் பார்த்தாள். போனை நெல்லோ முகத்துக்கு நேரே நீட்டினாள்.

அக்கா கும்பிட்டாள். "ஐயா, நல்லா இருக்கீங்களா? அன்னைக்கு நீங்க மட்டும் அறுக்கச் சொல்லலேன்னா எங்க நெல்லு அத்தனையும் தண்ணியில போயிருக்கும். ஒங்க படத்தக் கெடுத்துக்கிட்டு எங்க வயத்தக் காப்பாத்துனீங்க. எந் தம்பி இந்த மாதிரி மனுஷன்கிட்ட வேலை பாக்குறானேன்னு நெனச்சா எனக்கு வேற கவலையே இல்ல."

"என்ன சொல்கிறாள்?" என்றார் நெல்லோ.

மீரா சொன்னாள். ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். அப்பா அன்று அத்தையிடம், அறுக்கச் சொன்னது நீங்கள்தான் என்று சொல்லிவிட்டார் என்பதையும் சேர்த்தே சொன்னாள். அப்பா இன்னும் உங்களிடம்தான் வேலை பார்க்கிறார் என்று அத்தை நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்பதையும்.

நெல்லோ திரும்பி என்னைப் பார்த்தார். பேச்சு நின்றுவிட்டது. எனக்குக் கோட்டு கையில் கனத்தது. இல்லை என்று அவர் ஒரு தலையாட்டு ஆட்டினால் போதும், அக்காவுக்கு மொழியே தேவையில்லை. போனுக்குள் அக்கா சிரித்த முகத்தோடு காத்திருந்தாள்.

பிறகு நெல்லோ மீராவிடம், "எவ்வளவு விளைந்தது என்று கேள்," என்றார்.

கேட்டாள். அக்காவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "மாவுக்குப் பதிமூணு மூட்டை கண்டுச்சுங்க! ஊருலயே நம்மளுதுதான் ஒசத்தி."

மீரா என் பக்கம் திரும்பினாள். "அப்பா, மான்னா என்ன?"

நான் கிட்டே போகவேண்டியதாயிற்று. ஒரு வருடத்துக்குப் பிறகு அவர் முகத்தைப் பார்த்துப் பேசினேன். மூன்று மா சேர்ந்தால் ஏறக்குறைய உங்கள் ஊர் ஜொர்னாத்தா ஒன்று, அதாவது நாங்கள் ஏக்கர் என்பது. மூட்டை அறுபது கிலோ. அவர் விரல் விட்டுக் கணக்குப் போட்டார். கூலிக்காரி மகன் கணக்குப் போடுகிற மாதிரி, உதட்டை அசைத்து. போட்டு முடித்ததும் கையைக் கீழே விட்டார்.

"என் அம்மா இவ்வளவு நெல்லைச் சொந்தமாகப் பார்த்ததே கிடையாது," என்றார். "இதையா நான் இன்னும் ஒரு நாள் நிற்கட்டும் என்று சொன்னேன்?"

"என்ன தம்பி, என்ன சொல்றாங்க?" என்றாள் அக்கா.

"நல்ல வெளச்சலாம்க்கா. அன்னைக்கு அறுத்ததுதான் சரியாம்."

அக்கா என்னை நம்பாத மாதிரி கண்ணைச் சுருக்கினாள். "நீ சும்மா இருடா. என்னைச் சந்தோஷப்படுத்த ஒண்ணுக்கு ரெண்டாச் சொல்லுவ. மீராக் கண்ணு பொய் சொல்லாது. நீ சொல்லு கண்ணு. அவரு அப்பிடியா சொன்னாரு? அறுக்கச் சொன்னதுல அவருக்கு ஒண்ணும் வருத்தம் இல்லியே?"

மீரா நெல்லோவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"ஆமா அத்தை," என்றாள். "அவர்தானே அறுக்கச் சொன்னார்."